டீச்சரம்மாவிடம் கேளுங்கள்: பேக் வேண்டாம், தாழ்ப்பாள் போட்டுத் தாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டே விஷயம்தான். நம் கிறிஸ்தவச் சபை, பக்கத்து அரசுப் பள்ளிக்கு என்ன செய்யலாம்? பிள்ளைகளை வெளியே முகாமுக்கு அழைத்துப் போகலாமா? எனக்கு இரண்டுமே நெருக்கமானவை. வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, தலைமை ஆசிரியையாக 2023 மே மாதம் ஓய்வு பெற்றேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு முகாம் போவது அதற்கும் முன்பிருந்தே நடக்கிறது. அதனால் இந்த முறை மற்ற கடிதங்களை எடுத்து வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மகளைப் பார்க்க அமெரிக்கா போய் நான்கு மாதம் இருந்தேன். அவர்கள் போகிற லுத்தரன் சபையில் பக்கத்துப் பப்ளிக் ஸ்கூல் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் உணவுப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். கோடையில் ஏரிக்கரை முகாம் ஒன்றில் ஒரு வாரம் பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்ததிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. முதல் கட்டமாக நூறு ஸ்கூல் பேக் வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். சரியா? – ஒரு வாசகி, அண்ணா நகர்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் அரசுப் பள்ளி. இங்கே அந்தப் பெயரைப் பலகையில் எழுதியிருக்கும் பள்ளிக்கு நம்மில் பலரால் ஃபீஸ் கட்ட முடியாது. நாம் பேச வேண்டியது உங்கள் தெருக்கோடியில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளியைப் பற்றி.

பேக் வேண்டாம் அம்மா. அரசே பை கொடுக்கிறது. பாடநூல், நோட்டு, சீருடை, காலணி, கலர் பென்சில், பஸ் பாஸ் எல்லாம் வருகிறது. நான் தலைமை ஆசிரியையாக இருந்தபோது ஒரு ஜூன் மாதம் ஒரு சபையிலிருந்து வேன் நிறைய பேக் வந்தது. பேனர் கட்டினார்கள். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அரசுப் பை அதற்கு முந்தைய வாரம்தான் வந்திருந்தது. வந்தவர்கள் நல்லவர்கள், காசு சேர்க்கக் கஷ்டப்பட்டிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவர்கூட முன்னால் வந்து, "டீச்சர், என்ன வேணும்?" என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் தாழ்ப்பாள் என்று சொல்லியிருப்பேன். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கூட வர ஆள் கிடைக்காத நாளில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, மதியம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். எழுதிப் போட்டோம், அது வரிசையில் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் எங்கள் சபையில் இருக்கும் தச்சுவேலை செய்யும் தம்பி ஒரு சனிக்கிழமை வந்து அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தார். ஸ்குரூவோடு சேர்த்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

ஆகவே முதல் வேலை, போய்க் கேட்பது. தலைமை ஆசிரியரைப் பாருங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவையும் பாருங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பிள்ளைக்குப் பலகை தெரியவில்லை என்பதெல்லாம் அந்த அம்மாக்களுக்குத் தெரியும். வகுப்பறை கட்டுவது மாதிரிப் பெரிய தொகை என்றால், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாகக் கொடுங்கள்; கணக்கு சுத்தமாக இருக்கும்.

உணவுப் பொட்டலத்துக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவதில் நம் ஊருக்கு நூறு வருஷத்துக்கு மேல் பழக்கம் உண்டு. 1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் மதிய உணவு போட வைத்தார். அப்புறம் 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் காலை உணவு. எனவே பள்ளி நாளில் வயிற்றைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். ஆனால் அமெரிக்காவில் ஏன் வெள்ளிக்கிழமை கட்டுகிறார்கள் என்று யோசித்தீர்களா? சனியும் ஞாயிறும் பள்ளி இல்லை, அதனால் பள்ளிச் சாப்பாடும் இல்லை. அது இங்கேயும் அப்படித்தான். காலை உணவு வந்த பிறகு நான் கவனித்தது, திங்கட்கிழமை உப்புமாவுக்கு இரண்டாவது முறை தட்டு நீட்டும் பிள்ளைகள் புதன்கிழமை நீட்ட மாட்டார்கள். சனிக்கிழமை உங்கள் சபை ஹால் சும்மாதானே இருக்கிறது? அங்கே ஒரு படிப்பகம் வைத்து மதியம் சாம்பார் சாதமும் ஒரு முட்டையும் கொடுங்கள். படிக்க வந்த பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் போகும், யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

பள்ளிக்கு உதவி செய்யும்போது ஒரு சிறு ஜெபம் செய்து, புதிய ஏற்பாடு கொடுக்கலாமா? சுவிசேஷம் இல்லாமல் செய்தால் அது வெறும் சமூக சேவைதானே என்று எங்கள் கமிட்டியில் கேட்கிறார்கள். – இளைஞர் ஐக்கியச் செயலாளர், கொளத்தூர்

கூடாது தம்பி. அரசுப் பணத்தில் முழுக்க நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்று நம் அரசியலமைப்பின் 28-வது பிரிவு சொல்கிறது. அமெரிக்காவிலும் 1962-இல் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளியில் அரசே ஏற்பாடு செய்யும் ஜெபம் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்காக அங்கே சபைகள் பள்ளிப் பக்கம் போகாமல் இருந்துவிடவில்லையே. சாப்பாட்டோடும் புத்தகத்தோடும் போகிறார்கள்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. என் வகுப்பில் ஆடி மாதம் வீட்டில் கூழ் ஊற்றும் பிள்ளைகள் இருந்தார்கள், நோன்பு பிடிக்கும் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு தடவை வந்தவர்கள் பிஸ்கட்டோடு துண்டுப் பிரதியும் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் ஒரு அம்மா அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "டீச்சர், அவங்க எதுக்கு வந்தாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அம்மா நம்பித்தான் பிள்ளையை நம்மிடம் விட்டிருக்கிறார். அந்த நம்பிக்கையைத் தொடாதீர்கள்.

ஜெபத்தைச் சபையில் செய்யுங்கள். ஞாயிறு ஆராதனையில் அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லி, பத்தாம் வகுப்புப் பரீட்சை நாளைச் சொல்லி, சத்துணவு சமைக்கும் அம்மாவுக்காகவும் ஜெபியுங்கள். நாங்கள் பல வருஷமாகச் செய்கிறோம்.

இன்னொன்று. உள்ளே போகத் தலைமை ஆசிரியரின் வாய்ச்சொல் மட்டும் போதாது. கல்வி அதிகாரியின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் பின்னால் பிரச்சினை வருவது உங்களுக்கு இல்லை, அந்த ஆசிரியருக்கு.

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆசை. ஆனால் நான் டீச்சர் டிரெய்னிங் படிக்கவில்லை. என்னால் முடியுமா? – ஒரு கல்லூரி மாணவி, வியாசர்பாடி

முடியும் மா. இதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பாளராக வந்தார். ஆசிரியர்கள் ஒத்து வரவில்லை, பிள்ளைகள் படிக்கவில்லை. அப்போது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதையே இல்லத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் தெரிந்த பையனை உட்கார வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரச் செய்தார். அது இங்கிலாந்து வரைக்கும் போய் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது. எட்டு வயதுப் பையனால் முடிந்தது உன்னால் முடியாதா?

நானும் எவர்சில்வர் தாம்பாளத்தில் சலித்த மணல் வைத்திருந்தேன். நான்காம் வகுப்பில் ஒரு பையன். படத்தைப் பார்த்து வாசிப்பான். படத்தில் கொக்கு நின்றால் 'கொக்கு' என்று கணீரென்று சொல்வான். படத்தைக் கையால் மறைத்தால் 'கெ... கா...' என்று நின்றுவிடுவான். அவனுக்குக் கொம்பும் காலும் தனித்தனியாகத் தெரிந்தது. நடுவில் இருக்கும் 'க'வை இரண்டும் சேர்ந்து அணைத்துக்கொண்டிருக்கிறது என்று யாரும் அவனுக்குக் காட்டியிருக்கவில்லை. மணலில் முதலில் 'க' எழுத வைத்தேன். அப்புறம் முன்னால் கொம்பு, பின்னால் கால். ஒவ்வொன்றுக்கும் சத்தம் எப்படி மாறுகிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதினான். அழித்தான், எழுதினான், மறுபடி அழித்தான். மூன்றாவது நாள் 'சொ', 'பொ', 'மொ' எல்லாம் அவனே எழுதி, "டீச்சர், எல்லாம் ஒண்ணுதான்!" என்று கத்தினான். மணலில் தப்பு நிற்காது பார், கையால் தடவினால் போய்விடும். நோட்டில் சிவப்பு மை விழுந்து விழுந்து பயந்துபோன பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

மாத்ருபாஷை தெரிந்தால் போதுமா என்றால், பொறுமையும் வேண்டும். எங்கள் பள்ளிக்கு ஒரு பெரியவர் வருவார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செவ்வாயும் வியாழனும் இரண்டரை மணிக்கு, கையில் மூக்குக் கண்ணாடிக் கூடும் தண்ணீர் பாட்டிலும் மட்டும். வேப்பமரத்தடியில் பெஞ்சில் உட்காருவார். என் அறையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். ஒவ்வொரு பிள்ளையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டும். தடுமாறினால் உடனே சொல்லிக் கொடுக்க மாட்டார். காத்திருப்பார். வீட்டில் அந்தப் பிள்ளை வாசிப்பதைக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை. அம்மா வீட்டு வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வருவார், அப்பா மூட்டை தூக்கிவிட்டுத் தூங்கிப்போவார். பத்து நிமிஷம் ஒரு பெரிய மனிதர் தான் வாசிப்பதை மட்டும் கேட்கிறார் என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் புதிது. நான்கு வருஷம் வந்தார். கண் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் வராதபோது தினம் என் மேஜை முன்னால் வந்து நின்று, "தாத்தா எப்போ வருவார்?" என்று கேட்டார்கள்.

நீ வாரம் ஒரு நாள் போ. ஆனால் அந்த ஒரு நாளைத் தவறவிடாதே. செமஸ்டர் பரீட்சை வந்தால் முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் காணாமல் போகிற பெரியவர்களை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

நம் சபையிலேயே கஷ்டப்படுகிறவர்கள் இருக்கும்போது வெளியே ஏன் செய்ய வேண்டும்? – ஒரு வாசகர், புரசைவாக்கம்

ஐயா, உங்கள் சபையைப் பெருக்கித் துடைக்கிற அம்மாவின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். கமிட்டி மேஜையைச் சுற்றி இருப்பவர்களின் பிள்ளைகள் மெட்ரிக் பள்ளிக்கும் சி.பி.எஸ்.இ.க்கும் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது. அதனால்தான் அந்தப் பள்ளி நமக்கு 'வெளியே' ஆகிவிட்டது. ஞாயிறு பள்ளியே அப்படி வந்ததுதான். 1780-இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியபோது, வாரம் முழுக்க வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதும் அதன் நோக்கம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வருகிற தொகையில் பத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள்.

வருஷா வருஷம் மே மாதம் சபை ஹாலில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துகிறோம். இந்த முறை வெளியே முகாம் போடலாம் என்று ஆசை. கொடைக்கானல் போகப் பணம் இல்லை. சென்னைக்குப் பக்கத்திலேயே செய்ய முடியுமா? – ஞாயிறு பள்ளி ஆசிரியை, தாம்பரம்

தாம்பரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி அங்கே குடிபோனது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் வளாகத்தில் மரம் மரமாக நட்டார்கள். புதர்க்காடும் புள்ளிமானுமாக உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு காடு நிற்கிறது. அனுமதி கேட்டு ஒரு காலை நேரம் நடத்திப் பாருங்கள்.

மே மாதம் மட்டும் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது தப்பு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. ஜனவரி, பிப்ரவரிதான் நம் ஊருக்கு முகாம் காலம். பொங்கல் விடுமுறையும் வருகிறது. பறவைகளும் அப்போதுதான் இருக்கும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உங்களுக்குப் பஸ் தூரம். இன்னும் கொஞ்சம் போகலாம் என்றால் வேடந்தாங்கல்.

வேடந்தாங்கலுக்கு நான் ஏழெட்டு முறை பிள்ளைகளோடு போயிருக்கிறேன். ஒரு தடவை, எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு பெண் பிள்ளை, கரையில் பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தவள் சத்தமே இல்லாமல் நின்றாள். நத்தைகுத்தி நாரை ஒன்று தன் குஞ்சுக்கு வெயில் படாமல் இறக்கையை விரித்து நின்றுகொண்டிருந்தது. சூரியன் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கால் மணி நேரம் கழித்து, "டீச்சர், அது இன்னும் கையை இறக்கவே இல்ல" என்றாள். ஆகாயத்துப் பட்சிகளைப் பற்றிய மலைப்பிரசங்க வசனத்தை அன்று சாயங்காலம் வாசித்தோம். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்களின் கதையைத்தான் சொன்னேன். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்கிறார்கள், தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை.

பெரிய பிள்ளைகள் என்றால் பெசன்ட் நகர் ஆமை நடை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரைக்கு வரும். 1988-லிருந்து மாணவர்கள் சேர்ந்து இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். அவர்களோடு பதிவு செய்துகொண்டு போங்கள், தனியாக டார்ச் அடித்துக்கொண்டு போகாதீர்கள், வெளிச்சம் ஆமையைக் குழப்பும். கடற்கரையும் ஊழியத்துக்குப் புதிதல்ல. ஜோசையா ஸ்பியர்ஸ் 1868-இல் வேல்ஸில் லாண்டட்னோ கடற்கரையில் பிள்ளைகளைக் கூட்டி மணலில் 'தேவன் அன்பாயிருக்கிறார்' என்று எழுதச் சொல்லி, கூழாங்கல்லாலும் சிப்பியாலும் அலங்கரிக்க வைத்தார். பிள்ளைகளுக்கான கடற்கரை ஊழியம் அப்படித்தான் வளர்ந்தது. ஆனால் நம் கடலில் இழுப்பு அதிகம். கணுக்கால் அளவுக்குக்கூடப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். இதில் யார் கெஞ்சினாலும் மனம் இளகாதீர்கள்.

பக்கத்து மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளையும் கூப்பிடுவீர்கள் என்றால், பெற்றோரிடம் முன்னாலேயே சொல்லுங்கள்: "இது சபை முகாம், காலையில் பாட்டும் வேத வாசிப்பும் இருக்கும், வேண்டாதவர்கள் அந்த நேரம் படம் வரையலாம்." இன்னொரு வழியும் உண்டு. பள்ளியோடு சேர்ந்து வெறும் பறவை பார்க்கும் நாளாகவே நடத்தி, பஸ் செலவைச் சபை ஏற்றுக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எதையும் மறைத்துச் செய்ய வேண்டியதில்லை.

பன்னிரண்டு வயது மகளை இரவு தங்கும் முகாமுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. சபை முகாம்தானே என்கிறார் கணவர். – ஒரு தாய், ராயபுரம்

உங்கள் பயம் நியாயமானது அம்மா. சபை என்பதாலேயே பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்: பெண் பிள்ளைகள் அறையில் எத்தனை பெண் பொறுப்பாளர்கள் தங்குகிறார்கள்? எந்தப் பெரியவராவது பிள்ளையோடு தனியாக இருக்கும்படி நேருமா? பிள்ளை நினைத்த நேரத்தில் உங்களுக்குப் போன் செய்யலாமா? தப்பு நடந்தது தெரிந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசிடம் சொல்வது தெரிந்தவர்களின் கடமை, சபைக்குள் பேசி முடிக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியுமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளித்தால் அனுப்பாதீர்கள். மகளுக்கு 1098 என்ற சிறுவர் உதவி எண்ணை மனப்பாடமாக்கி விடுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் அவசியம் அனுப்புங்கள். வீட்டுக்கும் டியூஷனுக்கும் நடுவில் வளரும் பிள்ளைக்கு ஒரு ராத்திரி வானத்தைப் பார்க்கக் கிடைக்கட்டும்.

நான் மாநகராட்சித் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர். பக்கத்துச் சபையிலிருந்து உதவி செய்ய வருகிறோம் என்கிறார்கள். என்ன சொல்வது? – ஒரு வாசகர், பெரம்பூர்

வரச் சொல்லுங்கள் சார். பேனரும் கேமராவும் இல்லாமல் இரண்டு பேர் மட்டும் புதன்கிழமை மூன்று மணிக்கு வரட்டும். பள்ளியைச் சுற்றிக் காட்டுங்கள், கழிப்பறையையும் சேர்த்து. மூன்றாம் வகுப்பில் பத்து நிமிஷம் உட்கார வையுங்கள். அதற்குள் ஒரு தாளில் ஐந்து தேவைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் இல்லாமல் செய்யக்கூடியவை அதில் குறைந்தது இரண்டு இருக்கட்டும். உட்கார்ந்து வாசிக்கக் கேட்க ஆள் தேவை என்பதை முதலில் எழுதுங்கள். மரத்தடியில் ஒரு பெஞ்சும் போட்டு வையுங்கள்.